ஆசியாவில் உள்ளரங்க அமெரிக்கக் கால்பந்து: பீஜிங் லயன்ஸ் முதல் ஆம்பூர் தோல் வரை

உள்ளரங்க அமெரிக்கக் கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்தைக் கூரைக்குக் கீழே, சிறிய களத்தில், குறைந்த ஆட்களுடன் ஆடும் வடிவம். அமெரிக்காவில் இதை 'அரினா ஃபுட்பால்' என்பார்கள். பெயரில் கால்பந்து இருந்தாலும் பந்தைப் பெரும்பாலும் கையில்தான் பிடிக்கிறார்கள், எறிகிறார்கள், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். நம் ஊரில் கால்பந்து என்று சொல்வது வேறு ஆட்டம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, இக்கட்டுரையில் 'அமெரிக்கக் கால்பந்து' என்றே எழுதப்படுகிறது.

ஆசியாவில் இந்த உள்ளரங்க ஆட்டத்துக்கென்று தொழில்முறை அணிகள் உருவான இடம் சீனா. அங்கு 2016-இல் ஆறு அணிகள் மோதின. இறுதி ஆட்டம் நவம்பர் 6 அன்று ஷென்சென் நகரில் நடந்தது. பீஜிங் லயன்ஸ் அணி கிங்தாவ் கிளிப்பர் அணியை 35-34 என்ற கணக்கில், ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் வென்றது. இவ்வளவு விறுவிறுப்பாக முடிந்த ஒரு போட்டித் தொடர் அதற்குப் பிறகு ஏன் நிலைக்கவில்லை என்பது விளையாட்டு வரலாற்றில் நல்ல கேள்வி. தெற்காசியாவிலும் அதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்து அடங்கியிருந்தது. வெளியிலிருந்து வரும் ஒரு தொழில் எப்போது வேர்பிடிக்கும், எப்போது பிடிக்காது என்பதைப் புரிந்துகொள்ளப் பாலாற்றங்கரைத் தோல் ஊர்களின் வரலாறு எதிர்பாராத அளவுக்கு உதவுகிறது.

ஓர் உறையின் பின்புறத்தில் பிறந்த ஆட்டம்

1981 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் உள்ளரங்கக் கால்பந்து நட்சத்திர ஆட்டம் ஒன்று நடந்தது. அது நாம் அறிந்த கால்பந்துதான், ஆனால் கூரைக்கு உள்ளே. அதைப் பார்க்கச் சென்றிருந்த ஜிம் ஃபாஸ்டர், இதையே அமெரிக்கக் கால்பந்துக்கும் செய்யலாமே என்று எண்ணித் தன்னிடமிருந்த உறையின் மீது களத்தின் வரைபடத்தைக் கிறுக்கினார். 1986-இல் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் சோதனை ஆட்டம் நடந்தது. 1987-இல் சிகாகோ, டென்வர், பிட்ஸ்பர்க், வாஷிங்டன் என்ற நான்கு நகர அணிகளுடன் முதல் பருவம் தொடங்கியது. டென்வர் அணி முதல் கோப்பையை வென்றது.

களத்தின் அளவுகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், பின்னால் தேவைப்படும். திறந்தவெளிக் களம் 100 கஜ நீளம். உள்ளரங்கில் அது 50 கஜம். இரு முனைகளிலும் தலா 8 கஜம் கோல் பகுதி. அகலம் 85 அடி. இந்த அகலம் தற்செயலானது அல்ல. வட அமெரிக்காவின் பனி ஹாக்கித் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். அந்தத் தளத்தின் மீது செயற்கைப் புல்லை விரித்தால் களம் தயார். பக்கங்களில் பஞ்சு வைத்துத் தைத்த தடுப்புச் சுவர்கள் உண்டு. ஓடி வருபவரைத் தள்ளினால் அவர் சுவரில் மோதிப் பார்வையாளர் மடியில் விழும் அளவுக்கு நெருக்கம். கோல் கம்பங்களின் இருபுறமும் பெரிய வலைகள் தொங்கும். அவற்றில் பட்டுத் திரும்பும் பந்தும் ஆட்டத்தில்தான் இருக்கிறது. இந்த அமைப்புக்கு 1990-இல் காப்புரிமையும் கிடைத்தது. ஓர் ஆட்டம் காப்புரிமையோடு பிறந்தது என்பதே அதன் குணத்தைச் சொல்லிவிடும்: இது தெருவில் விளைந்த விளையாட்டு அல்ல, விற்பனைக்கென்று வடிவமைத்த விளையாட்டு.

பக்கத்துக்கு எட்டுப் பேர். திறந்தவெளியில் பதினொருவர். பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்கும் வழக்கம் இங்கே கிடையாது. ஆகவே எந்நேரமும் யாராவது புள்ளி எடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

கர்ட் வார்னர் என்ற பெயர் இந்த ஆட்டத்தின் சிறந்த விளம்பரம். பெரிய லீக்கில் இடம் கிடைக்காமல் அயோவா மாநிலத்தில் மளிகைக் கடை ஒன்றில் இரவில் அலமாரிகளில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர், 1995 முதல் 1997 வரை அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற உள்ளரங்க அணியில் ஆடினார். 2000 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் அணிக்காக அமெரிக்காவின் மிகப்பெரிய கோப்பையான சூப்பர் பவுலை வென்று, அந்த ஆட்டத்தின் சிறந்த வீரராகவும் தேர்வானார். மளிகைக் கடையிலிருந்து சூப்பர் பவுல் வரை என்ற கதையை அமெரிக்காவில் சொல்லாத ஆளில்லை. இந்தியாவில் அமெரிக்கக் கால்பந்தை நிறுவ வந்த முதலீட்டாளர்கள் பட்டியலில் இதே வார்னர் இருந்தார்.

கொழும்பில் நடந்த இந்தியப் பருவம்

2011 ஆகஸ்டில் எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்ற அமைப்பு அறிவிக்கப்பட்டது. வார்னர் மட்டுமல்ல, சிகாகோ அணியின் புகழ்பெற்ற பயிற்சியாளர் மைக் டிட்கா, முன்னாள் வீரர் ரான் ஜவார்ஸ்கி, நடிகர் மார்க் வால்பர்க், இந்தியத் தந்தைக்குப் பிறந்து அமெரிக்காவின் பெரிய லீக்கில் ஆடிய பிராண்டன் சில்லர் ஆகியோரும் இதற்கு ஆதரவு தந்தார்கள். மும்பை, புனே, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் என நகரங்களின் பெயரில் அணிகள். இலங்கையிலிருந்து கொழும்பு லயன்ஸ்.

இது திறந்தவெளி ஆட்டம், உள்ளரங்கம் அல்ல. ஆனாலும் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெற்காசியாவில் சம்பளம் கொடுத்து அமெரிக்கக் கால்பந்து ஆட வைத்த முதல் பெரிய முயற்சி இதுதான். சீனாவின் உள்ளரங்க முயற்சியோடு ஆட்களும் பணமும் பின்னிக்கிடக்கின்றன என்பதும் இன்னொரு காரணம். ஜவார்ஸ்கி, பிலடெல்பியா சோல் என்ற உள்ளரங்க அணியின் பங்குதாரராக இருந்தவர். அதே அணியின் இன்னொரு பங்குதாரரான மார்ட்டின் ஜட்ஜ்தான் பின்னர் சீன லீக்கைத் தொடங்கினார்.

முதல் பருவ ஆட்டங்களுக்கு 2012-இல் கொழும்பு சுகததாச விளையாட்டரங்கு களமானது. ஆட்டங்கள் படம்பிடிக்கப்பட்டுப் பின்னர் தொலைக்காட்சியில் காட்டப்பட்டன. இறுதி ஆட்டத்தில் புனே மராத்தாஸ் அணி டெல்லி டிஃபெண்டர்ஸ் அணியை 6-0 என்று வென்றது.

அந்த எண்ணிக்கையையும் ஷென்சென் இறுதி ஆட்டத்தின் 35-34 என்ற எண்ணிக்கையையும் அருகருகே வைத்தால் நிறையத் தெரிகிறது. ஒரு முழு ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து எடுத்தது ஆறு புள்ளிகள். இந்திய வீரர்களிடம் உடல்வலிமைக்கோ துணிச்சலுக்கோ குறைவில்லை. ரக்பி, தடகளம், கபடி போன்ற ஆட்டங்களிலிருந்து அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஓடி வருபவரை மடக்குவது அவர்களுக்குப் புதிதல்ல. கபடி ஆடியவனுக்குக் கணுக்காலைப் பிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா? ஆனால் இந்த ஆட்டத்தின் புள்ளிகள் பந்தை நாற்பது கஜம் சுழற்றி எறிபவரிடமும், அது எங்கே விழும் என்று முன்கூட்டியே அறிந்து ஓடுபவரிடமும் இருக்கின்றன. அந்தத் திறமை பன்னிரண்டு வயதில் பள்ளி மைதானத்தில் தொடங்குவது. சில மாதப் பயிற்சியில் தடுக்கக் கற்றுக்கொள்ளலாம், தாக்கக் கற்றுக்கொள்வது கடினம். 6-0 அதைத்தான் காட்டுகிறது. தலைக்கவசமும் தோள்பட்டைக் கவசமும் முதல் முறையாக அணிந்தவர்கள் ஒரு முழுப் பருவத்தை ஆடி முடித்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்த எண்ணிக்கையைக் கேலி செய்வது நியாயமல்ல.

லீக் அறிவிக்கப்பட்டபோது கிடைத்த செய்தி வெளிச்சம் ஆட்டங்களுக்குக் கிடைக்கவில்லை. பெரிய நகரங்களின் பெயரைத் தாங்கிய அணிகள் அந்த நகரங்களின் மக்கள் முன்னால் வாராவாரம் ஆடவில்லை. புனேக்காரர் புனே அணியைத் தொலைக்காட்சியில், அதுவும் வேறு நாட்டு மைதானத்தில் பார்க்க வேண்டியிருந்தது.

சீனாவின் ஆறு அணிகள்

சீன மொழியில் ரக்பி, அமெரிக்கக் கால்பந்து இரண்டையுமே 'ஆலிவ் காய்ப் பந்து' என்ற பொருளில் அழைக்கிறார்கள். பந்தின் வடிவத்தால் வந்த பெயர். மார்ட்டின் ஜட்ஜ் பல ஆண்டுகள் தயாரிப்புக்குப் பிறகு 2016 அக்டோபரில் சீன அரினா ஃபுட்பால் லீக்கைத் தொடங்கினார். அணிகள்: பீஜிங் லயன்ஸ், ஷாங்காய் ஸ்கைவாக்கர்ஸ், குவாங்சோ பவர், கிங்தாவ் கிளிப்பர், தாலியன் டிராகன் கிங்ஸ், ஷென்சென் நாஜா. கடைசிப் பெயர் தமிழ் வாசகருக்குச் சுவாரசியமானது. நாஜா என்பது நல்லபாம்பு இனத்தின் இலத்தீன் அறிவியல் பெயர். அது 'நாக' என்ற இந்தியச் சொல்லிலிருந்து போனது. ஆக, நம் நாகம் அமெரிக்க ஆட்டம் ஆடச் சீனாவுக்குப் போயிருக்கிறது.

ஜட்ஜ் இந்திய முயற்சியிலிருந்து வேறுபட்ட சில முடிவுகளை எடுத்தார். அணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் சீனர், மீதிப் பேர் அமெரிக்க உள்ளரங்க லீக்குகளில் ஆடிப் பழகியவர்கள். பந்தை எறியும் கடினமான வேலையைப் பழகியவர்களிடம் கொடுத்துவிட்டுச் சீன வீரர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம். சீன வீரர்களைத் தயார்செய்யப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து முன்கூட்டியே பயிற்சிகள் நடத்தப்பட்டன. ஆறு அணிகளும் ஒரே நகரத்துக்குப் போய் அந்த வார இறுதியில் எல்லாரும் அங்கேயே ஆடிவிட்டு அடுத்த நகரத்துக்குச் செல்வது என்ற ஏற்பாடும் இருந்தது. நம் ஊர் நாடகக் குழுக்கள் முகாம் போட்டு ஊர் ஊராகப் போனது போல.

இந்த ஏற்பாட்டில் சிக்கனம் இருந்தது. குறையும் அதிலேயே இருந்தது. ஒரு நகரத்து ரசிகர் தன் சொந்த அணியை ஆண்டில் ஒரு வார இறுதியில் மட்டும் நேரில் பார்ப்பார். அந்த இரண்டு நாளில் பிடித்துப்போனாலும் அடுத்த வாரம் போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு அணி என்பது ஊரின் வழக்கத்தில் ஒன்றாகக் கலப்பதற்கு மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் ஒரே கிழமையில் நடக்க வேண்டும்.

முதல் பருவத்துக்குப் பிறகு அடுத்த பருவத்தின் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தாய் லீக்கின் நிலைமையும் நன்றாக இல்லை. அமெரிக்காவின் அரினா ஃபுட்பால் லீக் 2009 பருவத்தை நிறுத்திவிட்டுத் திவாலாகி, 2010-இல் மீண்டு, 2019-உடன் மூடப்பட்டது. 2024-இல் அதே பெயரில் 16 அணிகளோடு இன்னொரு லீக் தொடங்கிச் சில வாரங்களிலேயே பல அணிகளை இழந்தது. வேரே ஆடிக்கொண்டிருக்கும்போது கிளை தழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பீஜிங் லயன்ஸ் 2016-இன் வெற்றியாளராகவே வரலாற்றில் நிற்கிறது.

ஜப்பான் என்ற மாற்றுப் பாதை

ஆசியாவில் இந்த ஆட்டம் எங்கேயும் ஊன்றவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானில் 1934-இலேயே பால் ரஷ் என்ற அமெரிக்க ஆசிரியர் ரிக்கியோ, வசேதா, மெய்ஜி பல்கலைக்கழகங்களில் இதைத் தொடங்கிவைத்தார். 1947 முதல் கல்லூரிகளுக்கு இடையே கோஷியன் கிண்ணம் நடக்கிறது. கல்லூரி முடித்தவர்கள் ஆட எக்ஸ் லீக் இருக்கிறது. அதில் புஜித்சு, பானாசோனிக் போன்ற நிறுவனங்களின் அணிகள் ஆடுகின்றன. வீரர்களில் பலர் பகலில் அலுவலக வேலை பார்ப்பவர்கள். ரைஸ் கிண்ண இறுதி ஆட்டம் டோக்கியோ டோம் என்ற கூரையிட்ட அரங்கில் நடந்துவந்தது. முழு அளவுக் களம்தான், அரினா வடிவம் அல்ல. ஆனாலும் கூரைக்குக் கீழே ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து அமெரிக்கக் கால்பந்து பார்க்கும் வழக்கம் ஆசியாவில் இருக்கிறது என்றால் அது இங்கேதான். 1999, 2003 உலகக் கோப்பைகளை ஜப்பான் வென்றது. பணம் கடைசியாக வந்தது, மாணவர்கள் முதலில் வந்தார்கள். சீனாவிலும் இந்தியாவிலும் வரிசை தலைகீழ்.

பந்தின் தோல்

அமெரிக்கர்கள் இந்தப் பந்தைச் செல்லமாகப் 'பன்றித்தோல்' என்பார்கள். அதில் பன்றித்தோல் இல்லை. அமெரிக்காவின் பெரிய லீக்கின் பந்து மாட்டுத்தோலால் ஆனது. சிகாகோவில் 1905-இல் தொடங்கப்பட்ட ஹார்வீன் என்ற தோல் ஆலை அந்தத் தோலைப் பதனிடுகிறது. ஓகையோ மாநிலத்தின் ஏடா என்ற சிற்றூரில் வில்சன் நிறுவனத்தின் தொழிற்சாலையில் பந்து தைக்கப்படுகிறது. நான்கு துண்டுகள். உட்புறம் வெளியே தெரியும்படி தைத்து, நீராவியில் இளக்கி, ஒரு கைப்பிடி அளவுத் துளை வழியாக முழுப் பந்தையும் உள்வெளியாகப் புரட்டுவார்கள். பிறகு உள்ளே ரப்பர் பையை நுழைத்து நாடா கட்டுவார்கள். மேலே தெரியும் சொரசொரப்பான மணிகள் மாட்டின் இயற்கைத் தோலில் இருப்பவை அல்ல. சூடான தகட்டால் அழுத்திப் பதிக்கப்படுபவை. பதனிடும்போதே தோலுக்குள் ஏற்றப்படும் பிசுபிசுப்பு, மழையிலும் பந்து கையில் நிற்கச் செய்கிறது.

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தோல்ஷாப்பில் வேலை பார்த்த எவருக்கும் இந்த விவரிப்பில் அந்நியமாக எதுவும் இராது. சுண்ணாம்புத் தொட்டி, சுழலும் டிரம், நீலம் பூத்த ஈரத் தோல், அச்சழுத்தும் பிரஸ் எல்லாம் அவர்கள் அன்றாடம் பார்ப்பவை. ஆனால் ஹார்வீன் ஆலைக்கும் ஆட்டத்துக்கும் இன்னொரு உறவு இருக்கிறது. ஆலையை நிறுவிய குடும்பத்தின் மகன்களான ரால்ஃப், ஆர்னால்ட் இருவரும் ஹார்வர்டில் ஆடிவிட்டு, 1920-களில் சிகாகோ கார்டினல்ஸ் என்ற தொழில்முறை அணியில் ஆடினார்கள். தொழில்முறை ஆட்டத்தைக் கொஞ்சம் இழிவாகப் பார்த்த காலம் என்பதால் மக்மேன் என்ற புனைபெயரில் ஆடினார்கள். ரால்ஃப் நூறு வயது கடந்து வாழ்ந்தார். தோல் பதனிட்ட வீட்டுப் பிள்ளைகளே அந்தத் தோலால் ஆன பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில் ஆட்டத்தை யாரும் 'அறிமுகம்' செய்ய வேண்டியதில்லை.

பாலாற்றங்கரையின் கதை எதிர்ப்பக்கம். இங்கே பொருள் வெளியே போகும். அது எந்தக் காலில், எந்தக் களத்தில் பயன்படுகிறது என்பது செய்தவர் கண்ணில் படாது.

வந்து நின்ற தொழில்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் விரிந்துகிடக்கும் இந்தத் தோல் பகுதியில் இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை முக்கியமான ஊர்கள். 2019-க்கு முன் இவை எல்லாமே ஒரே வேலூர் மாவட்டம். இந்தத் தொழிலும் ஒரு விதத்தில் வெளியிலிருந்து கற்றுக்கொண்டதுதான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது தமிழகத்தின் பழைய அறிவு. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னையில் டி சூசா என்பவர் அதைச் செம்மைப்படுத்தி ஏற்றுமதிக்கு ஏற்றதாக்கினார் என்பது தொழில் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. 'கிழக்கிந்தியப் பதனீடு' என்ற பெயரில் அந்தத் தோல் லண்டன் சந்தையில் விலைபோனது. அடுத்து வந்தது குரோம் முறை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் அதைச் சோதித்தார். 1912-இல் சேம்பர்ஸ் பல்லாவரம் அருகே குரோம் தோல் ஆலையை நிறுவினார். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அதன் மிச்சம்.

1948-இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாகப் பதனிட்டு, முடிந்தால் காலணியாகவே செய்து அனுப்பு என்பதே அதன் உட்பொருள். ஆம்பூரின் ஷூ கம்பெனிகளும், காலையில் அவற்றின் வாசலில் பேருந்துகளிலிருந்து இறங்கும் ஆயிரக்கணக்கான பெண்களும் அந்த மாற்றத்தின் விளைவு.

குரோம் பதனீடு, ஷூ தைப்பு இரண்டுமே அந்நிய நுட்பங்கள். அவை நின்றன. ஏன்? பச்சைத்தோல் திரட்டும் மண்டிகளும் வணிகக் குடும்பங்களும் ஏற்கெனவே இருந்தன. பாலாற்று மணலில் ஊற்றெடுத்த தண்ணீர் இருந்தது. தோலைத் தொட்டு அதன் தரத்தைச் சொல்லும் கைகள் இருந்தன. வாரக் கடைசியில் கூலி கைக்கு வந்தது. புதிய நுட்பம் பழைய திறமையின் மேல் உட்கார்ந்தது. அமெரிக்கக் கால்பந்து லீக்குக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. வீரருக்கு ஒரு பருவத்துச் சம்பளம் கிடைக்கலாம், மறு பருவம் உண்டா என்பது அமெரிக்காவில் உள்ள ஒரு முதலீட்டாளரின் முடிவு.

வேர்பிடித்தது எல்லாமே நன்மை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் வேலூரின் பெயரை அந்த வழக்கோடு சேர்த்துத்தான் படிக்கிறார்கள். 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். கொழும்பில் ஓய்ந்த லீக் யாருடைய கிணற்றையும் கெடுக்கவில்லை என்பதையும் கணக்கில் எழுதிவைக்கலாம்.

கூரைக்குக் கீழே கபடி

இந்தியாவில் உள்ளரங்கத் தொழில்முறை ஆட்டம் ஒன்று நிலைத்தது. அது கபடி. 2014 ஜூலையில் புரோ கபடி லீக் தொடங்கியது. 2017-இல் தமிழ் தலைவாஸ் சேர்ந்து, சென்னை ஜவஹர்லால் நேரு உள்ளரங்கில் சொந்த ஊர் ஆட்டங்களை ஆடியது. புழுதிக் களத்திலிருந்த ஆட்டத்தை மெத்தை விரிப்புக்கு ஏற்றி, விளக்கு போட்டு, முப்பது நொடிக் கடிகாரம் வைத்துத் தொலைக்காட்சிக்கு ஏற்றதாக்கினார்கள். ஜிம் ஃபாஸ்டர் செய்ததும் கிட்டத்தட்ட இதேதான்: இருக்கிற ஆட்டத்தைச் சுருக்கிக் கூரைக்குள் கொண்டுவருவது. வேறுபாடு, கபடியில் 'இருக்கிற ஆட்டம்' வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலும் இருந்தது. பொங்கலுக்கு ஊர்ப் போட்டி ஆடாத இளைஞர் சங்கம் அரிது.

இடம் என்ற எளிய காரணமும் உண்டு. ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கூடைப்பந்துக் களம் 28 மீட்டர். நம் மாவட்டத் தலைநகரங்களின் உள்ளரங்குகள் பெரும்பாலும் இறகுப்பந்தையும் கூடைப்பந்தையும் மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. அரினா ஃபுட்பாலுக்குக் கோல் பகுதிகளையும் சேர்த்து 66 கஜம், அதாவது 60 மீட்டருக்கு மேல் வேண்டும். அமெரிக்காவில் ஹாக்கித் தளம் உள்ள எந்த நகரத்திலும் இது தயாராகக் கிடைக்கும். பனியே பெய்யாத ஊரில் எங்கே போவது? லீக் தொடங்குமுன் அரங்கம் கட்ட வேண்டும், அரங்கம் கட்ட ரசிகர் வேண்டும், ரசிகர் வர லீக் வேண்டும்.

உடல்வலிமைக்கு இப்பகுதியில் பஞ்சமில்லை. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவு பளுதூக்குதலில் தங்கம் வென்றார். பளுதூக்க ஓர் அறையும் இரும்பும் ஒரு பயிற்சியாளரும் போதும். சிறு ஊர்களில் எந்த ஆட்டம் பிழைக்கும் என்பதைப் பல சமயம் இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது.

கொடி ஆட்டம்

2023 அக்டோபரில் சர்வதேச ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கொடிக் கால்பந்தைச் சேர்க்க ஒப்புதல் அளித்தது. அமெரிக்கக் கால்பந்தின் மோதல் இல்லாத வடிவம் இது. பக்கத்துக்கு ஐந்து பேர். பந்தோடு ஓடுபவரைத் தள்ளி வீழ்த்த வேண்டியதில்லை, இடுப்பில் தொங்கும் கொடியை உருவினால் போதும். தலைக்கவசம், தோள்கவசம், தடுப்புச் சுவர், திரும்பும் வலை எதுவும் தேவையில்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் போட்டி உண்டு. களம் 50 கஜ நீளம், 25 கஜ அகலம், முனைகளில் கோல் பகுதி. ஃபாஸ்டர் தன் உறையின் மீது வரைந்த களத்தின் நீளம்தான் ஏறத்தாழ இதற்கும், கூரை மட்டும் இல்லை. இந்த அளவு ஆம்பூரில் ஒரு பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டால் அடங்கிவிடும்.